கட்டுச் சக்கரத்தில் குத்திய புள்ளி

மதுரை ஜில்லா, கொடைக்கானல் போலீஸ் ஸ்டேஷனில், 1961-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 17-ஆம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்னிலையில், சைக்கிள் மெக்கானிக் பொன்னுவேல் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் பொன்னுவேல். தகப்பனார் பெயர் ஞானவேல், காலமாகிவிட்டார். எனக்கு வயது நாற்பத்தொன்று. பூர்வீகம் பழனி அடிவாரம். தகப்பனார் அங்கே பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். நான் தற்சமயம் நாயுடுபுரத்தில் என் மனைவி சுந்தராம்பாளுடன் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். நாயுடுபுரம் சேனாதிபதி என்பவருடைய சைக்கிள் கடையில் ஒன்பது வருஷமாக மெக்கானிக்காக இருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். இதற்கு முன்னால் எந்தக் கேஸிலும் சாட்சியாகவோ எதிரியாகவோ போனதில்லை.

எனக்கு ஒரு குணம் உண்டு, அரைகுறை வேலையைக் கண்டால் குமட்டும். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கேஸுக்கு வேண்டியதை மட்டும் சொல்லச் சொன்னார்கள். இது கேஸுக்கு வேண்டியதுதான் என்று சொன்னேன். எழுதிக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

எங்கள் கடையின் வேலை என்னவென்றால், ஊரைவிட்டுப் போகிற வெள்ளைக்காரக் குடும்பங்களும் பள்ளிக்கூடங்களும் ஏலத்தில் தள்ளுகிற பழைய சைக்கிள்களை முதலாளி சேனாதிபதி வாங்கிப் போடுவார். அவற்றில் பாதி, மூன்று கியர் உள்ள சீமைச் சைக்கிள்கள். உள்ளே கடிகாரம் மாதிரி பல்லும் ஸ்பிரிங்குமாக இருக்கும். ஒரு ஸ்பிரிங் போனால் மெட்ராஸில்கூடக் கிடைக்காது. ஆகவே நான் அந்தக் குடலை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, ஒரே பல்சக்கரம் போட்டு, ஒற்றை கியராக மாற்றிக் கட்டுவேன். பழைய பெயிண்டைக் காரச்சோடா வைத்து உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிவப்புப் பூச்சு ஒன்று, எனாமல் இரண்டு பூசி, அணில் முடிப் பிரஷால் தங்கக் கோடு இழுப்பேன். கோடு இழுக்கும்போது மூச்சு விடமாட்டேன். முதலாளிக்கு வேலை தெரியாது. பிரேமில் விரிசல் இருந்தால், லப்பம் வைத்து அடைத்து எனாமல் பூசு என்பார். நான் பித்தளைப் பற்று வைத்துத்தான் பூசுவேன். அவர் ஊசி போகிற இடத்தைப் பார்ப்பார், உலக்கை போகிற இடத்தைப் பார்க்கமாட்டார். விரிசலில் லப்பம் வைத்த சைக்கிள், சீழ்ப் புண்ணின்மேல் சந்தனம் பூசினாற்போல.

சீசனுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்ற வாடகைக்கு எடுக்கிற சைக்கிள்கள் சாதாரணமானவை. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். மலையில் காடுகரை வைத்து விவசாயம் பண்ணுகிற சம்சாரிகளுக்கு நான் கட்டிக் கொடுப்பது வேறு. அதற்குக் கட்டுச் சக்கரம் என்று பேர். அதில் பல்சக்கரம் பின்சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும், பெடலைக் காலால் பின்னுக்கு அமுக்கிப் பிடித்தால் சக்கரம் அடங்கும். மேற்படி சம்சாரிகள் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பூண்டு மூட்டையைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு மேலே ஏறுவார்கள். திரும்பும்போது அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு, உட்கார்ந்து கீழே இறங்குவார்கள். பனியும் தூற்றலும் பட்டால் பிரேக் ரப்பர் இந்த ஊர் இறக்கத்தில் வழுக்கிவிடும், கால் வழுக்காது. அதனால்தான் அவர்கள் கட்டுச் சக்கரம் கேட்கிறார்கள். ஆனாலும் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் வைக்காமல் நான் எதையும் வெளியே விட்டதில்லை, இப்போது சொல்லப்போகிற இரண்டைத் தவிர.

கட்டுச் சக்கரத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்சக்கரம், ஹப் என்கிற சக்கரக் குடத்தில் வெட்டிய மரையில் திருகி ஏறி உட்காருகிறது. முன்னுக்கு மிதித்தால் இறுகும், பின்னுக்கு அமுக்கினால் கழலும். இறங்குகிறவன் அமுக்குவதெல்லாம் பின்னுக்குத்தான். ஆகவே அதற்கு மேலே எதிர்மரை வளையம் என்று ஒன்று இடப்பக்கமாகத் திருகிப் போடவேண்டும். பல்சக்கரம் கழலப் பார்த்தால் வளையம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எதிர்மரை வெட்டிய ஹப் வேண்டும், சாதாரண ஹப்பில் அந்த மரையே கிடையாது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு பாதிரியாரின் சாமான்களோடு அப்படிப்பட்ட ஹப் ஒரு பெட்டி நிறைய வந்தது. அதை வைத்துத்தான் இத்தனை வருஷமும் கட்டினேன்.

வளையத்தை இறுக்கிய பிறகு, வளையமும் பல்சக்கரமும் சேருகிற இடத்தில் உளிமுனையால் ஒரு புள்ளி குத்துவேன். பாதிப் புள்ளி இதில், பாதி அதில். ஏதாவது கழன்றால் புள்ளி இரண்டாகப் பிரியும். இறங்குவதற்கு முன்னால் கட்டைவிரலால் புள்ளியைத் தடவிப் பாருங்கள், பிரிந்திருந்தால் ஏறாதீர்கள், தள்ளிக்கொண்டு என்னிடம் வந்துவிடுங்கள் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன். அவர்களும் சாமி கும்பிடுகிற மாதிரி தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். பொன்னுவேல் புள்ளி இல்லாத கட்டுச் சக்கரத்தை மலையில் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

சென்ற மார்கழி கடைசியில் பெட்டி காலியாகிவிட்டது. அப்போது இரண்டு பேருக்குத் தைப்பூசத்துக்கு முன்னால் சைக்கிள் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். ஒருவர் அட்டுவம்பட்டிக்குக் கீழே காடு வைத்திருக்கும் சின்னச்சாமி. இன்னொருவர் அடுக்கம் நல்லசாமி. எதிர்மரை ஹப் தீர்ந்துவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் வாடகைச் சைக்கிளில் கழற்றிய இரண்டு சாதாரண ஹப்பை எடுத்துப் போட்டு, இதிலேயே திருகிக் கொடு என்றார். முன் பிரேக்குக் கம்பிகளையும் சீசன் சைக்கிளுக்கு வேண்டும் என்று உருவிக்கொண்டார். பிரேக் இல்லாமல் மொட்டையாக இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்கிறதாம். நான் முடியாது என்று சொல்லி, இரண்டு நாள் அந்த இரண்டு சைக்கிளையும் தொடவில்லை.

அப்போது நான் காவடிக்கு மாலை போட்டிருந்தேன். இருபத்தொரு நாள் விரதம். தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கையில், மறுநாள் மலை இறங்கிப் பழனிக்கு நடக்கவேண்டும் என்று முதலாளியிடம் லீவு கேட்டேன். அந்த ரெண்டையும் முடித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ என்றார். நான், "மொதலாளி, வளையம் இல்லாம பின்னுக்கு அமுத்துனா கழலும். எறக்கத்துல ஆளக் கொன்னுபோடும்" என்றேன். அதற்கு அவர், "வெள்ளை ஈயத்தப் பூசி, பெரிய ஸ்பானர்ச் சாவி போட்டு முறுக்குடா, ரெண்டு வருசத்துக்கு அசையாது. ஏலே, அந்தப் புள்ளிய மட்டும் குத்திரு. புள்ளி கெடந்தாத்தான் அவனுக வாங்குவானுக. உள்ள என்ன கெடக்குன்னு தொறந்தா பாக்கப் போறானுக?" என்றார்.

அதன் பிறகு நான் இரண்டு ஹப்பிலும் வெள்ளை ஈயம் பூசி, ஒரு முழ நீளச் சாவி போட்டு முறுக்கினேன். வளையம் இல்லாததால் பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே புள்ளி குத்தினேன். தங்கக் கோடும் இழுத்தேன். கோடு நன்றாக வந்திருந்தது. இரவோடு இரவாக வேலையை முடித்துக் குளித்து, திருநீறு பூசி, விடிவதற்குள் காவடியைத் தூக்கிக்கொண்டு கால்நடையாக இறங்கினேன். பழனியில் முடி இறக்கி, மலையேறி, கண்ணீர் விட்டுக் கும்பிட்டேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். நான் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இடித்தவன். அந்தப் பழனிமலைப் படியில் நான் விட்ட கண்ணீரை நினைத்தால் இப்போது எனக்கே என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

பிப்ரவரி 4-ஆம் தேதி ஊர் திரும்பினேன். சைக்கிள்கள் இரண்டும் போய்விட்டிருந்தன. 6-ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் சின்னச்சாமி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். அவருக்கு வயது முப்பது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். முந்தின நாள் சந்தையிலிருந்து சின்ன மூட்டையோடு இறங்கியதாகச் சொன்னார்.

"அண்ணே, எறக்கத்துல டக்குனு ஒரு சத்தம். பெடலு ஒரு நூலு பின்னுக்குப் போயி நின்னுச்சு. காலைல வெள்ளனே தடவிப் பாத்தேன், புள்ளி ரெண்டாத் தெரியுது. நீங்க எல்லாத்துக்கும் சொல்லுவீகளே, பிரிஞ்சா ஏறாதன்னு. அதான் தள்ளிக்கிட்டே வந்துட்டேன்" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். புள்ளி ஒரு அரிசி அகலத்துக்குப் பிரிந்து, இரண்டு அரைப் பிறையாக நின்றது. அந்தச் சமயத்தில் நான் செய்யவேண்டியது ஒன்றுதான். சைக்கிளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இதில் ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பார். இந்தப் புள்ளி பொய்ப் புள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரிய சாவியை எடுத்து மறுபடி முறுக்கி, பிறை இரண்டும் சேர்ந்து புள்ளியாகும்வரை இறுக்கினேன். "புதுச் சக்கரம் அப்பிடித்தான், மொதல்ல கொஞ்சம் படியும். இனிமே ஒண்ணும் ஆகாது" என்றேன். அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, பழனிக்குப் போனீர்களா அண்ணே, பிரசாதம் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்திருந்த பஞ்சாமிர்தத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். கையைக்கூட நக்கிக்கொண்டார். பிறகு புள்ளியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். என் தகப்பனார் வாழைப்பழம் ஒன்று அழுகியிருந்தால் மொத்தக் கலவையையும் கொட்டிவிடுவார். அவருக்குப் பிறந்தவன்தான் நான்.

பிப்ரவரி 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சின்னச்சாமியின் மனைவி ராக்காயியும் சந்தைக்குப் போய்த் திரும்பிய பிறரும் சொன்னதைச் சொல்கிறேன். சின்னச்சாமி அரிசி மூட்டையும் உரமும் கட்டிக்கொண்டு, புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டு, மூன்று மணி வாக்கில் அட்டுவம்பட்டி இறக்கத்தில் இறங்கியிருக்கிறார். இரண்டாவது வளைவில் அமுக்கியபோது பெடல் பிடிப்பில்லாமல் வெறுமனே பின்னுக்குப் போயிருக்கிறது. செருப்புக் காலைத் தரையில் தேய்த்துப் பார்த்திருக்கிறார், கத்தியிருக்கிறார். எதிரே விறகுக் கட்டுடன் சோலையம்மாள் என்ற அம்மாள் ஏறிவந்திருக்கிறார். தலையில் விறகு இருந்தால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, உடம்போடுதான் திரும்பவேண்டும். அவர் திரும்புவதற்குள் மோதிவிட்டது. சின்னச்சாமிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த நிலையிலும் அந்தம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்கள் வரும்வரை ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலை சோலையம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். சின்னச்சாமியைக் கைது செய்து சப்-ஜெயிலில் வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கடையில் இருந்தேன். முதலாளிக்கு யாரோ ஓடிவந்து சேதி சொன்னார்கள். அவர் போலீஸ் வருவதற்கு முன்னால் போய், ரோட்டில் கிடந்தால் களவு போய்விடும் என்று சொல்லி, ஆளை வைத்துச் சைக்கிளைக் கடைக்குத் தூக்கிவந்துவிட்டார். என்னை டீ வாங்கிவர அனுப்பினார். நான் டீயோடு திரும்பியபோது அவர் பின்கட்டில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷத்தில் முதலாளியின் விரலில் கிரீஸ் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாசனைச் சோப்பைப் போட்டு நக இடுக்கையெல்லாம் தேய்த்தார். சைக்கிளைப் பார்த்தேன். செயின் ஒழுங்காக மாட்டியிருந்தது. புள்ளி பிரியாமல் முழுசாக இருந்தது. வேலை தெரியாத மனுஷனுக்குப் பல்சக்கரத்தை மறுபடி முறுக்கிப் புள்ளியைச் சேர்க்க மட்டும் தெரிந்திருக்கிறது. டீயைக் குடித்தோம். பிறகு கான்ஸ்டபிள் வந்து சைக்கிளை எடுத்துப் போனார்.

13-ஆம் தேதி ராக்காயி கடைக்கு வந்தார். மடியில் ஒரு கொத்துப் பூண்டு கொண்டுவந்து முதலாளி மேஜையில் வைத்து, "ஐயா, எங்க வீட்டுக்காரரு அமுத்துனேன், நிக்கலன்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த போலீசுல சொல்லுங்க" என்றார். முதலாளி பூண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "மலைப்பூண்டு மலைப்பூண்டுதான்" என்றார். அதன் பிறகு அந்தப் பெண்ணிடம், "ஒம் புருசன் வெளையாட்டுக்குக் கால ஹேண்டில்பார் மேல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான் தாயி. பெடல்ல கால் இல்லாம சக்கரம் எப்பிடி நிக்கும்? தப்புன்னு ஒத்துக்கிட்டா கொஞ்ச நாள்ல விட்ருவாக. வீணா சைக்கிளக் கொற சொன்னா கேஸு நீளும். புள்ளி முழுசா இருக்கு, நீயே போயித் தடவிப் பாத்துக்க" என்றார். ராக்காயி என்னைப் பார்த்தார். நான் ஒரு வீலை ஸ்டாண்டில் மாட்டிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அவர் போனதும் முதலாளி பூண்டைத் துண்டில் முடிந்து தன் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். மறைத்த சோற்றுக்குத் துவையலும் அரைத்துச் சாப்பிடுகிறவரை அப்போதுதான் பார்த்தேன்.

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுந்தராம்பாள், "என்ன, வெரதம் முடிஞ்சும் பட்டினி கெடக்கீக?" என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

14-ஆம் தேதி உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, என் சொந்தச் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு அடுக்கத்துக்கு நடந்து இறங்கினேன். அது எதிர்மரை ஹப் போட்ட சக்கரம், பாதிரியார் பெட்டியில் முதல் முதலில் எடுத்தது. நல்லசாமி சைக்கிளை வெளியே எடுக்காமல் மாலை போட்டு வைத்திருந்தார். மாசிக் கடைசியில் நல்ல நாள் பார்த்து ஏறுவதாக இருந்தாராம். நான், சின்ன வேலை ஒன்று பாக்கி இருந்தது என்று சொல்லி, சக்கரத்தை மாற்றிக் கொடுத்தேன். அவர், "இம்புட்டுத் தொலவு ஒரு சக்கரத்துக்காக நடந்து வந்தீகளாண்ணே! ஒங்கள மாதிரி ஆளு இருக்கப்போயித்தான் மழ பெய்யுது" என்று சொல்லி ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தார். ஏற்றத்தில் பாதி வழியில் அதைக் குரங்குகளுக்கு எறிந்துவிட்டேன். கழற்றிய சக்கரத்தை என் வீட்டில் வைத்திருந்தேன், இன்று கான்ஸ்டபிளிடம் சொல்லி எடுத்துவரச் செய்தேன், இங்கே ஸ்டேஷன் வராந்தாவில் இருக்கிறது.

ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன், இனி தூங்கலாம் என்று நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னச்சாமியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நேற்று 16-ஆம் தேதி கான்ஸ்டபிள் வந்து, மேற்படி சைக்கிளைக் கட்டியவன் என்ற முறையில் நான் இன்று ஸ்டேஷனுக்கு வந்து அதன் நிலைமையைச் சொல்லவேண்டும் என்று தகவல் கொடுத்தார். முதலாளி என்னை உட்காரவைத்து, சொல்லவேண்டியதைச் சொல்லிக் கொடுத்தார். சைக்கிளில் குறை இல்லை, புள்ளி பிரியவில்லை, பெடலிலிருந்து காலை எடுத்தால்தான் இப்படி ஆகும் என்று மூன்றே வாக்கியம். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தடங்கல் இல்லாமல் வந்தது. இன்று காலை அவரே என்னைக் கூட்டிவந்து, வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஸ்டேஷனுக்குள் வந்தபோது, சைக்கிளை அடையாளம் காட்டுவதற்காகச் சின்னச்சாமியைச் சப்-ஜெயிலிலிருந்து கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கைக்குத் தொட்டில் கட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். எனக்கு முன்னால் எழுந்து நிற்க அவருக்கு என்ன வந்தது? உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அவர்களும் ரைட்டரும் காதால் கேட்கும்படி சின்னச்சாமி என்னிடம் சொன்னதாவது:

"அண்ணே, நீங்க சங்கடப்படாதீக. ஒங்க வேலையில கொற இருக்காதுன்னு ஐயாகிட்டச் சொல்லிட்டேன். டக்குனு சத்தம் கேட்டதுக்கே ஒங்ககிட்டக் கொண்டாந்து காமிச்சேன், நீங்களும் பாத்துச் சரிபண்ணிக் குடுத்தீக. புள்ளியும் முழுசாத்தான் இருக்காம். அப்ப நாந்தான் காலச் சரியா அமுத்தல போல. அந்தம்மா மொகந்தேன் கண்ணுலயே நிக்கிது."

அதைக் கேட்ட பிறகு நான் படித்துவந்த மூன்று வாக்கியத்தையும் சொல்லவில்லை. சைக்கிளை வராந்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அதைத் தலைகீழாக நிறுத்தி, கான்ஸ்டபிள் ஒருவரைப் பின்சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெடலைக் கையால் பின்னுக்கு அமுக்கினேன். இரண்டு தடவை அசையவில்லை. மூன்றாவது தடவை என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். டக் என்ற சத்தம் வந்து புள்ளி பிரிந்தது. அதன் பிறகு விரலால் திருகியே பல்சக்கரத்தைக் கழற்றி, சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் கையில் கொடுத்தேன். உள்ளே வளையம் இல்லை என்பதையும், அது உட்காருவதற்கான மரையே அந்த ஹப்பில் இல்லை என்பதையும் காட்டினேன். சின்னச்சாமியும் பக்கத்தில் நின்று பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. அடுக்கத்திலிருந்து கொண்டுவந்த சக்கரத்தையும் காட்டி, இரண்டும் ஒரே மாதிரி என்று விளக்கிச் சொன்னபோது புரிந்துவிட்டது. பெஞ்சில் போய்ச் சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். இதைச் சொல்லி முடிக்கிற இந்த நிமிஷம்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சின்னச்சாமி காலைத் தூக்கவில்லை. சரியாகத்தான் அமுக்கியிருக்கிறார். அவர் அமுக்கியதால்தான் அது கழன்றது. அவர்மேல் இந்தக் கேஸில் எந்தக் குற்றமும் இல்லை. அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை ரைட்டர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு இடம் தவிர மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. பிப்ரவரி 6-ஆம் தேதி விவரத்தில், "முதலாளியின் வற்புறுத்தலுக்குப் பயந்து" மறுபடி முறுக்கிக் கொடுத்ததாக எழுதியிருந்தது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறார்கள். அதை அடித்துவிடச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். அன்றைக்கு முதலாளி பெரியகுளத்துக்குப் போயிருந்தார். கடையில் நானும் சின்னச்சாமியும் மட்டுமே இருந்தோம். என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு நான் சொன்னதும் நடந்ததும் இவ்வளவுதான், இதில் பொய் கிடையாது. அடித்தல் ஒன்று, அதன்மேல் என் சுருக்கொப்பம் உண்டு.

(ஒப்பம்)
ஞா. பொன்னுவேல்